கியாந்தி, உம்ப்ரியா, மார்க்கே: ஒரு வார சைக்கிளுக்கு எந்தக் குன்று?

இத்தாலியில் ஒரு வாரம் ரோடு சைக்கிள் ஓட்ட முடிவெடுப்பவர்களில் பெரும்பாலோர் யோசிக்காமல் டஸ்கனிக்கு டிக்கெட் போடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் டஸ்கனியை ஒட்டியே உம்ப்ரியா இருக்கிறது. அதற்கும் கிழக்கே, ஏட்ரியாட்டிக் கடல் வரை மார்க்கே இருக்கிறது. மூன்றிலும் குன்று, மதில் சூழ்ந்த பழைய ஊர், ஆலிவ் தோப்பு, திராட்சைத் தோட்டம், நல்ல காப்பி. புகைப்படத்தைப் பார்த்து இது எந்தப் பகுதி என்று சொல்வது சிரமம். வண்டியில் ஏறிவிட்டால் முதல் நாளே தெரிந்துவிடும், ஏனென்றால் குன்றுகள் கிடக்கும் வாகு மூன்றிலும் வேறு. உங்கள் ஒரு வாரம் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். ஊரின் புகழ் அல்ல.

நான் மனதில் வைத்து எழுதுவது இப்படிப்பட்ட ஒருவரை: நாளைக்கு 60 முதல் 90 கி.மீ. வரை ஓட்டுவார், போட்டி வீரர் இல்லை, ஏற்றம் என்றால் பயமும் இல்லை. மூட்டை முடிச்சோடு ஊர் ஊராகப் போகாமல், ஒரே இடத்தில் அறை எடுத்துத் தினம் ஒரு பக்கம் சுற்றி வர நினைக்கிறார். உடன் வருபவரும் அதே வேகத்தில் ஓட்டுவார் என்று சொல்ல முடியாது.

மூன்று பகுதிக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய இத்தாலியின் பழைய ஊர்கள் பெரும்பாலும் குன்றின் தலையில்தான் இருக்கின்றன. பள்ளத்தாக்கில் சதுப்பும் மலேரியாவும். சாலையோரம் குடியிருந்தால் படை வரும். அதனால் மேலே ஏறி மதில் கட்டிக்கொண்டார்கள். சைக்கிள்காரருக்கு இதன் விளைவு என்ன? ஊர் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் ஏற்றமே ஆரம்பிக்கும். உச்சியில் இருக்கும் ஊரில் அழகான அறையைப் படத்தில் பார்த்து முன்பதிவு செய்தீர்கள் என்றால், வாரம் முழுக்க, ஒவ்வொரு நாளும், களைத்த காலோடு கடைசி ஏற்றத்தை ஏறித்தான் அறைக்குப் போக வேண்டும். எந்தப் பகுதியைத் தேர்ந்தாலும், தங்கும் இடம் கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நட்சத்திரம், நீச்சல் குளம் எல்லாம் அப்புறம்.

சரி, கியாந்தி. டஸ்கனியில், ஃப்ளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவில் உள்ள மேட்டு நிலம். ராதா, காஸ்தெல்லினா, பான்சானோ போன்ற ஊர்கள் நீண்ட மேட்டு முதுகுகளின் மேல் இருக்கின்றன. சாலைகளும் பெரும்பாலும் அந்த முதுகின் மேலேயே ஓடுகின்றன. காலையில் ஒரு தடவை ஏறிவிட்டால், சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களோடு நெடுநேரம் மேலேயே சுற்றலாம். இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு விரியும். இந்தப் பகுதி இவ்வளவு பேருக்குப் பிடித்துப்போனதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்: உழைப்புக்கு மேல் காட்சி கிடைக்கிறது.

இந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவே இருந்த எல்லைக்கு ஒரு கதையும் உண்டு. ஃப்ளாரன்ஸும் சியெனாவும் எல்லைச் சண்டையைத் தீர்க்க, சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் கிளம்பட்டும், சந்திக்கும் இடமே எல்லை என்று ஒப்புக்கொண்டார்களாம். சியெனாக்காரர்கள் தங்கள் வெள்ளைச் சேவலுக்கு நன்றாகத் தீனி போட்டார்கள், அது தூங்கிவிட்டது. ஃப்ளாரன்ஸின் கறுப்புச் சேவல் பட்டினியில் விடியும் முன்பே கூவிவிட்டது. சந்தித்தது சியெனாவுக்கு வெகு அருகே, ஃபோந்தெரூத்தோலியில். இன்றும் கியாந்தி கிளாசிகோ ஒயின் பாட்டிலின் கழுத்தில் அந்தக் கறுப்புச் சேவல் இருக்கிறது. காஸ்தெல்லினாவிலிருந்து சியெனாவுக்கு இறங்கும் சாலையில் அந்தக் கிராமத்தைத் தாண்டித்தான் போவீர்கள்.

கியாந்தியின் உண்மையான தனிச் சொத்து அதன் வெள்ளைச் சாலைகள், அதாவது தார் போடாத சுண்ணாம்புச் சரளைப் பாதைகள். இவற்றைத் தார் விழுங்கிவிடக் கூடாது என்ற எண்ணத்தில் 1997-ல் காயோலே ஊரில் 92 பேர் பழைய சைக்கிள்களில் கிளம்பினார்கள். அதுதான் லெரோயிகா. இப்போது அக்டோபரில் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். வண்டி 1987-க்கு முந்தையதாக இருக்க வேண்டும்: கியர் நெம்புகோல் சட்டத்தின் சாய்வுக் குழாயில், பிரேக் கம்பி வெளியே வளைந்து, பெடலில் பட்டை. அந்த 209 கி.மீ. பாதை முழுவதும் நிரந்தர வழிகாட்டிப் பலகைகளோடு வருடம் முழுக்கத் திறந்தே இருக்கிறது. எந்த வண்டியிலும், எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம். பாதையில் வரும் ப்ரோலியோ கோட்டை ரிக்காசோலி குடும்பத்துடையது. இத்தாலி ஒன்றுபட்ட பின் இரண்டாவது பிரதமரான பெத்தீனோ ரிக்காசோலிதான் கியாந்தி ஒயினில் எந்தத் திராட்சை எவ்வளவு என்று வகுத்தவர்.

தொழில்முறை வீரர்கள் இதே சரளையில் ஓட்டும் ஸ்த்ராதே பியாங்கே பந்தயம் 2007-ல் தொடங்கியது. மார்ச்சில் நடக்கும். முடிவு சியெனாவின் காம்போ சதுக்கத்தில். அதற்குச் சற்று முன், மதிலுக்குள் நுழைந்ததும் சாந்தா காதரீனா தெரு 16 சதவீதம் வரை நிமிர்கிறது. பந்தயம் இல்லாத நாளில் அந்தத் தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

இதிலேதான் சிக்கலும் இருக்கிறது. கியாந்தியின் சிறந்த பகுதி சரளையில் இருக்கிறது. நீங்கள் கொண்டுபோவதோ 25 மி.மீ. டயர் வண்டி என்றால், அந்தப் பகுதியை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வருவீர்கள். குறைந்தது 32 மி.மீ. டயர் போகும் வண்டி வேண்டும். மழை பெய்தால் கதை மாறும். சியெனாவுக்குத் தெற்கே களிமண் நிலம். ஜீரோ (Giro) என்ற இத்தாலியச் சுற்றுப் பந்தயம் 2010-ல் மழையில் மொந்தால்சீனோவுக்கு வந்தபோது யார் எந்த அணி என்றே தெரியாமல் எல்லோரும் சேற்று நிறத்தில் வந்தார்கள். ஜெயித்தவர் உலகச் சாம்பியனுக்கான வானவில் சட்டை போட்டிருந்த கேடல் இவான்ஸ். வானவில் சேற்றுக்குள் போயிருந்தது. தார்ச் சாலையிலேயே இருப்பேன் என்றால், ஃப்ளாரன்ஸிலிருந்து சியெனா வரும் கியாந்திஜானா சாலை அழகானதுதான், ஆனால் வார இறுதியில் மோட்டார் சைக்கிள் கூட்டமும் வாடகைக் கார்களும் உங்களோடு சேர்ந்து அழகு பார்க்கும். அறை வாடகையும் மூன்று பகுதிகளில் இங்கேதான் அதிகம்.

தெற்கே ஓர்சா பள்ளத்தாக்கு, அந்தப் புகழ்பெற்ற சைப்ரஸ் வரிசை, போப் இரண்டாம் பயஸ் தான் பிறந்த கிராமத்தை 1459-லிருந்து இடித்துக் கட்டிய பியென்சா, எல்லாம் ஒரு நாள் சுற்றுக்கு அருமை. ஒரு வாரம் தங்க நான் சொல்ல மாட்டேன். நிழல் இல்லை, காசியா நெடுஞ்சாலையைத் தவிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உம்ப்ரியாவின் அமைப்பு நேர் எதிர். அசிசியிலிருந்து ஸ்போலேத்தோ வரை அகலமான தட்டை வெளி. முன்பு ஏரியும் சதுப்புமாக இருந்து வடிக்கப்பட்ட நிலம். ஊர்கள் அதன் விளிம்பில், சரிவுகளில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன: அசிசி, ஸ்பெல்லோ, த்ரெவி ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் மொந்தேஃபால்கோ. வெளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர். ஸ்பெல்லோ 280, அசிசியும் த்ரெவியும் 400-க்குக் கொஞ்சம் மேல், மொந்தேஃபால்கோ 470 சொச்சம். ஆக ஒவ்வொரு ஊரும் தனித்தனி ஏற்றம். இன்றைக்கு ஒன்றா, மூன்றா என்று வழியிலேயே முடிவு செய்யலாம். முடியவில்லை என்றால் கீழேயே இருந்துவிடலாம். கியாந்தியில் இந்த வசதி கிடையாது. அங்கே ஏற முடியாத நாள் என்றால் அறையில்தான்.

வெளியின் நடுவே, கால்வாய்களையும் ஓடைகளையும் ஒட்டி, ஸ்போலேத்தோவிலிருந்து அசிசி வரை 50 கி.மீ. அளவுக்கு சைக்கிள் பாதை இருக்கிறது; பெவான்யா வழியாகப் போகிறது. பெவான்யா தட்டையான இடத்திலேயே மதில் கட்டிக்கொண்ட ஊர், அதனால் ஏறாமலே ஒரு முழு இடைக்கால ஊரைப் பார்த்துவிடலாம். ரயில் பாதையும் இதே வெளியில் ஓடுகிறது: ஸ்போலேத்தோ, த்ரெவி, ஃபொலின்யோ, ஸ்பெல்லோ, அசிசி என்று நிலையங்கள் வரிசையாகக் குன்றடியில் இருக்கின்றன. பிராந்திய ரயில்களில் சைக்கிள் படம் போட்ட பெட்டியில், சின்னக் கூடுதல் கட்டணத்தோடு வண்டியை அப்படியே ஏற்றலாம். ஓட்டாத மனைவியோ அப்பாவோ கூட வந்தால் அவர்கள் ரயிலில் வந்து மதியச் சாப்பாட்டுக்குச் சேர்ந்துகொள்ளலாம். குழுவில் நாலு பேர், நாலு வேகம் என்றால் உம்ப்ரியாவை விட்டால் வேறு இடம் யோசிக்க வேண்டாம் என்பேன்.

ஏறுவதற்கும் இருக்கிறது. ஸ்பெல்லோவிலிருந்து கொல்லேபீனோ வழியாக சுபாசியோ மலைக்கு. 1,290 மீட்டர் உச்சி, மேலே மொட்டைப் புல்வெளி, மேல்பகுதியில் மண் சாலை. ஸ்போலேத்தோவிலிருந்து நோர்சா போன பழைய மலை ரயில் 1926-ல் ஓடத் தொடங்கி 1968-ல் நின்றுபோனது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு அந்தத் தடத்தைச் சைக்கிள் பாதை ஆக்கியிருக்கிறார்கள். சுரங்கங்கள், பாலங்கள், வளைந்து வளைந்து ஏறும் மென்மையான சரிவு. ஆனால் அது சரளை, ஒரு சுரங்கம் ஏறக்குறைய இரண்டு கி.மீ., உள்ளே கும்மிருட்டு, கோடையிலும் குளிரும். நல்ல விளக்கும் ஒரு மேல்சட்டையும் இல்லாமல் போகாதீர்கள். இன்னும் மேலே, 1,452 மீட்டரில் காஸ்தெலூச்சோ. 2016 நிலநடுக்கத்தில் அந்த ஊர் ஏறக்குறைய தரைமட்டமானது. அதன் கீழே விரியும் பெரிய சமவெளியில் பருப்பு விளைகிறது; ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் வயலோடு பூத்த பாப்பி, கார்ன்ஃப்ளவர் பார்க்கக் கார்கள் வரிசை கட்டும். வார நாளில், விடியற்காலையில் போவதானால் மட்டும் போங்கள்.

குறையும் சொல்ல வேண்டும். அந்தத் தட்டை வெளி எப்போதும் அழகாக இருக்காது. கிடங்குகள், தொழிற்சாலைக் கொட்டகைகள், நாலு வழிச் சாலையின் இரைச்சல். தினமும் முதல் அரை மணி அதைக் கடந்துதான் குன்றுக்குப் போக வேண்டும். அசிசியில் யாத்திரைக் கூட்டம் வேறு. புனித பிரான்சிஸ் இறந்தது 1226 அக்டோபரில் என்பதால் 2026 அதன் 800-வது ஆண்டு, அந்த வருடம் அங்கே அறை தேடுவது வீண் வேலை. தங்குவதற்கு ஃபொலின்யோ அல்லது ஸ்பெல்லோவின் கீழ்ப்பகுதி. ஃபொலின்யோவுக்கு ரோமிலிருந்தே நேரடி ரயில் உண்டு. ஊர் அஞ்சலட்டைக்கு ஏற்றதல்ல. தட்டையாக இருக்கிறது, கடை இருக்கிறது, ரயில் இருக்கிறது. சைக்கிள்காரருக்கு அது போதும்.

மார்க்கேயைப் பற்றி எழுதும்போது எனக்கு நடுநிலை கொஞ்சம் நழுவும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

அப்பெனைன் மலையிலிருந்து பல ஆறுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஏட்ரியாட்டிக் கடலுக்கு ஓடுகின்றன. இரண்டு ஆற்றுக்கு நடுவே ஒரு மேட்டு முதுகு, அதன் மேல் ஊர்கள். ஆற்றோடு போனால் தட்டை, போக்குவரத்தும் இருக்கும். ஆறுகளைக் குறுக்கே கடந்து போனால் ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு. மூச்சு வாங்க இடமே கொடுக்காது. 12, 15 சதவீதத்தில் சுவர் போல் நிமிரும் ஏற்றங்கள், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கி.மீ.தான், ஆனால் எண்ணிக்கையில் வந்து அடிக்கும். 70 கி.மீ. ஓட்டியவர் 1,500 மீட்டர் ஏறியிருப்பார், எங்கே ஏறினோம் என்று சொல்லத் தெரியாது. சாலையில் கார்கள் குறைவு. சில மதியங்களில் டிராக்டர்தான் எதிர்ப்படும்.

வடக்கு மார்க்கேயில் மையம் உர்பீனோ. ஓவியர் ரஃபேல் 1483-ல் பிறந்த ஊர்; மோந்தெஃபெல்த்ரோ கோமகனின் அரண்மனை, அதற்குள் பியெரோ தெல்லா ஃப்ரான்செஸ்காவின் சின்னஞ்சிறிய, விளங்கிக்கொள்ளவே முடியாத கசையடி ஓவியம். ஊர் உச்சியில் இருக்கிறது, ஆகவே பார்க்கப் போங்கள், தங்க வேண்டாம். நான் சொல்வது தெற்கே காலி (Cagli) என்ற ஊர். பெத்ரானோ மலையின் அடிவாரம், ஆறு, ரோமானியர் கட்டிய பாலம், பெரிய சதுக்கம், நாலைந்து காப்பிக்கடை. அங்கிருந்து பெத்ரானோ உச்சிக்கு 10 கி.மீ. ஏற்றம்; 2009 ஜீரோவில் கடும் வெயிலில் நீண்ட மலைக் கட்டம் ஒன்று அங்கே முடிந்தது, கார்லோஸ் சாஸ்த்ரே ஜெயித்தார். பக்கத்திலேயே நெரோனே, 1,525 மீட்டர்; காத்ரியா, 1,701 மீட்டர். ஏற விருப்பமில்லாத நாளில் ஃபூர்லோ மலையிடுக்குக்குப் போகலாம். ரோமிலிருந்து வந்த ஃப்ளாமினியா சாலை அந்த இடுக்கு வழியாகத்தான் கடலுக்குப் போனது. பாறையைக் குடைந்து வெஸ்பாசியன் பேரரசர் கி.பி. 76-77-ல் வெட்டிய சுரங்கத்துக்குள் இன்றும் சாலை போகிறது. புதுச் சாலை மலைக்குள் வேறு சுரங்கத்தில் போய்விட்டதால், பழையது பச்சை நிற ஆற்றை ஒட்டி அமைதியாகக் கிடக்கிறது. இரண்டாயிரம் வருடம் பழைய சுரங்கத்துக்குள் ரோடு சைக்கிளில் போக நுழைவுச்சீட்டு எதுவும் கிடையாது.

வடமேற்கே கார்பேஞா மலை. கடலோரச் செசெனாத்திகோவைச் சேர்ந்த மார்கோ பந்தானி, 1998-ல் ஜீரோவையும் டூர் தெ ஃப்ரான்ஸையும் ஒரே வருடத்தில் ஜெயித்தவர், பெரிய மலைகளுக்குத் தயாராக எனக்கு இந்தக் கார்பேஞா போதும் என்றார். சிப்போ என்ற அந்த ஏற்றம் சுமார் 6 கி.மீ., சராசரி பத்து சதவீதத்தை ஒட்டி. காட்டுக்குள் போகிறது, அதனால் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. ரோட்டில் பந்தானி பெயரை எழுதி எழுதி வைத்திருக்கிறார்கள்.

தெற்கே, ஆங்கோனா பக்கம், ஃபிலோத்ரானோ. தொழில்முறை சைக்கிள் வீரர் மிக்கேலே ஸ்கார்போனியின் ஊர். பயிற்சிக்குப் போகும்போது ஒரு பஞ்சவர்ணக்கிளி பறந்து வந்து அவர் தோளில் உட்காரும் காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 2017 ஏப்ரலில், வீட்டுக்கு அருகிலேயே, காலைப் பயிற்சியில் ஒரு வேன் மோதி இறந்தார். கார்கள் குறைவு என்று மேலே சொன்னேன். குறைவு என்றால் வேகமும் அதிகம் என்பதை அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். பகலிலும் பின்விளக்கு எரியட்டும்.

மார்க்கேயின் குறை போய்ச் சேருவதுதான். ஃபானோ–உர்பீனோ ரயில் 1987-லேயே நின்றுபோனது. பெசாரோ வரை ரயில், அதன் பின் பேருந்து அல்லது வாடகைக் கார். கடலை விட்டு உள்ளே இருக்கும் ஊர்களில் நல்ல வாடகை சைக்கிள் கிடைப்பது அரிது. கடலோர ரிச்சோனே, செசெனாத்திகோ பக்கம் சைக்கிள்காரர்களுக்கென்றே ஹோட்டல்கள் இருப்பதால் அங்கிருந்து எடுத்து வரலாம். களிமண் சரிவு நகர்ந்து தார் வெடித்த இடங்களும் உண்டு. இறக்கத்தில் கண்ணைச் சாலையில் வையுங்கள்.

சாப்பாடு. சைவக்காரர்களுக்கு மூன்றில் டஸ்கனி சுலபம்: ரிபொல்லீத்தா என்ற ரொட்டி–கீரை–பீன்ஸ் கூழ், பூண்டுத் தக்காளிக் குழம்போடு பீச்சி என்ற தடித்த கையுருட்டு நூடுல்ஸ். உம்ப்ரியாவில் பருப்பு பிரமாதம், ஆனால் பெரும்பாலும் பன்றி சாசேஜோடு வரும், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். உர்பீனோவின் க்ரெஷா பார்த்தால் நம்ம பரோட்டா மாதிரியே அடுக்கடுக்காக இருக்கும். அந்த அடுக்கைப் பிரிப்பது பன்றிக் கொழுப்பு. டஸ்கனி, உம்ப்ரியா ரொட்டியில் உப்பு இருக்காது, அது சமையல்காரர் மறந்ததல்ல. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டினால் ஏழரை மணி வரை சமையலறை மூடியிருக்கும். பையில் ஏதாவது இருக்கட்டும்.

மூன்றுக்கும் மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர். ஆகஸ்டில் போகாதீர்கள், வெயிலும் விடுமுறைக் கூட்டமும். முன்னால் 34, பின்னால் 34 பல் இருந்தால் கியாந்தியிலும் உம்ப்ரியாவிலும் கவலை இல்லை. மார்க்கேயில் அதுவும் சில நேரம் பற்றாது. இத்தாலியச் சட்டப்படி சுரங்கங்களிலும், ஊருக்கு வெளியே இரவிலும் ஒளிரும் மேலங்கி கட்டாயம்.

இப்போது என் கணக்கு. முதல் தடவை இத்தாலி, கலவையான குழு: உம்ப்ரியா, ஃபொலின்யோ. வெள்ளைச் சாலைதான் ஆசை, பெரிய டயர் வண்டி இருக்கிறது: கியாந்தி, அதுவும் பள்ளத்தாக்கில் இருக்கும் காயோலேயில் தங்கி; ஃப்ளாரன்ஸில் தங்கித் தினம் போய் வருவது நேர விரயம். ஏறத்தான் போகிறேன், கூட்டம் வேண்டாம், கார் ஓட்டுவேன்: மார்க்கே, காலி.

ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. உம்ப்ரியாவும் மார்க்கேயும் அதே பழைய ஃப்ளாமினியா சாலையால் இணைந்தவை. ஃபொலின்யோவில் முதல் நாலு நாள். ஐந்தாம் நாள் நோச்சேரா, குவால்தோ தாதீனோ, ஸ்கெஜ்ஜா வழியாக வடக்கே போனால் 80 கி.மீ. அளவில் காலி வந்துவிடும். அப்பெனைனைக் கடப்பது என்றாலும் ஸ்கெஜ்ஜா கணவாய் 600 மீட்டர் சொச்சம்தான், ரோமானியர்கள் வழியைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஓடும் புது நெடுஞ்சாலையில் ஏறிவிடாமல் பழைய சாலையிலேயே இருங்கள். பெட்டியை டாக்சியில் அனுப்ப முதல் நாளே விடுதியில் சொல்லி வைத்தால் நல்லது.